உலையில் வெந்த முகம்

உவர்மலையில் அந்தப் பழைய பங்களாவின் படலையைத் தள்ளித் திறந்தபோது பிரசாந்தினியின் மனதில் பயம் என்று எதுவும் இருக்கவில்லை. சனிக்கிழமை காலை. முற்றத்து வேப்பமரத்தடியில் ஊருக்குள் திரியும் புள்ளிமான்கள் படுத்துக் கிடந்தன. ஆளைக் கண்டும் எழும்பவில்லை. வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து இறங்கிப் போக, கீழே உள்துறைமுகம் எண்ணெய் பூசிய தட்டுப்போல அசையாமல் கிடந்தது. அவளுடைய புருசன் சசிகரன் இழுவைப்படகு ஓட்டுகிறவன். அந்தத் தண்ணீரில் எங்கேயோதான் இந்த நேரம் ஒரு கப்பலைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருப்பான்.

பிரசாந்தினி மணப்பெண் சோடிப்பவள். டச்சுக்குடாப் பக்கம் வீட்டின் முன்னறையிலேயே தொழில். சுவர் முழுக்க அவள் கையால் சோடித்த பெண்களின் படங்கள். "அக்கா, உங்கட படம் எங்க?" என்று யாராவது கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாள். ஊராரின் முகத்தையெல்லாம் திருத்தியவளுக்குத் தன் முகத்தைச் சுவரில் மாட்டக் கூச்சம். போனில் வந்த ஒரு விளம்பரம்தான் அவளை இங்கே கொண்டுவந்தது. உங்கள் முகத்தை நீங்களே கண்ணாடியில் செய்யலாம், முன்பழக்கம் தேவையில்லை என்றிருந்தது அதில்.

சொல்லிக்கொடுப்பவள் நஜ்முன் நிஸா. மூதூர்க்காரி. கட்டாரில் பல வருசம் ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலை செய்துவிட்டு வந்து, இந்தப் பங்களாவை வாடகைக்கு எடுத்திருந்தாள். நல்ல உயரம், உரத்த குரல், கையெல்லாம் பழைய கீறல் தழும்புகள்.

"வாங்க தங்கச்சி, இரிங்க. பேனை பிடிக்கத் தெரிஞ்சாப் போதும், மத்ததெல்லாம் வரும்" என்றாள்.

செய்முறை கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. அடியில் ஒரு தெளிந்த கண்ணாடித் தகடு. அதன்மேல் முகத்தின் வடிவத்தில் வெட்டிய இன்னொரு தகடு. பிறகு குருணல் அரிசிபோல நொறுக்கிய நிறக் கண்ணாடியையும், மாவாக அரைத்த கண்ணாடித் தூளையும் தேத்தண்ணி வடியால் சலித்துச் சலித்து நிழலும் வெளிச்சமும் போட வேண்டும். தலைமயிருக்கு மெல்லிய கறுப்புக் கண்ணாடிக் கம்பிகள். எல்லாவற்றையும் மின்சார உலைக்குள் வைத்துச் சுட்டால் ஒன்றோடொன்று உருகி ஒரே தகடாகிவிடும்.

"உருக்குறது பெரிய விசயமில்ல. ஆற விடுறதுதான் பெரிசு. அவசரப்பட்டு உலையைத் திறந்தா, குளிர்காத்துப் பட்டு வெடிக்கும்" என்று நிஸா சொன்னாள்.

பிரசாந்தினி முதலில் வெட்டிய தகடு, கீறல் வழியாக முறியாமல் தன்பாட்டில் முறிந்தது. நாடி ஒரு பக்கம் இழுபட்டுப் போயிற்று. "எனக்கு நாடி இப்பிடியா கோணல்?" என்று அவள் கேட்க, நிஸா மேசையைத் தட்டிச் சிரித்தாள். இரண்டாவது தகடு சரியாக வந்தது. இடது புருவம் கொஞ்சம் உயரம், மூக்கின் நுனி சற்றே அகலம், உதட்டோரத்தில் ஒரு சின்ன மறு. தன் முகத்தை இவ்வளவு நேரம் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. வெட்கம் போய், ஒரு பிரியம் வந்திருந்தது.

கன்னத்துக் குழிக்கு நிழல் போடும்போதுதான் சிக்கல் வந்தது. நிஸாவிடம் கறுப்பும் மண்ணிறமும் இருந்தன. பிரசாந்தினி தலையாட்டினாள்.

"என்ர நிறத்துக்கு நிழல் கறுப்பில்ல அக்கா. பச்சை கலந்த சாம்பல். நான் பவுடர் கலக்கிறதும் அப்பிடித்தான்."

நிஸா யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு பழைய பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாளி நிறைய உடைந்த கண்ணாடி. தடித்த, அலையலையான, ஆழமான தண்ணீரின் பச்சை.

"பின்னுக்குக் குழாய் பதிக்கக் கிடங்கு வெட்டினப்ப வந்திச்சி. பழைய யன்னல் கண்ணாடி. ஆரோ சாக்கில போட்டு, வாயைக் கம்பியால கட்டித் தாட்டிருந்தாங்க. ஆனா இது நம்மட கண்ணாடியோட சேராது புள்ள. ரெண்டும் வேற வேற சாதி. ஆறக்குள்ள ஒண்டையொண்டு இழுத்து வெடிச்சிரும்."

"வெடிச்சா இன்னொண்டு செய்யிறன்."

"சரி, பழகத்தானே வந்த நீங்க. செஞ்சு பாருங்க."

பிரசாந்தினி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டாள். ஒரு துண்டுக் கண்ணாடியைத் தடித்த துணிக்குள் சுற்றிச் சுத்தியலால் அடித்தாள். முதல் அடிக்குக் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது அடிக்கு வேறொரு சத்தம் கேட்டது. யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பதுபோல.

அவள் திரும்பவும் அடித்தாள். திரும்பவும். கை ஒரு லயத்துக்குப் பழகிப்போயிற்று. துணி கிழிந்தது. மேசைப் பலகை பிளந்தது. அடிக்க அடிக்க அவளுக்கு இனித்தது.

"பிரசாந்தினி! போதும்! மாவாப் போச்சு!"

நிஸா அவளுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். பிரசாந்தினி சுத்தியலைக் கீழே வைத்தாள். கை விறைத்திருந்தது. "என்னெண்டு தெரியேல்ல அக்கா, பராக்காப் போயிட்டன்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். நிஸா சிரிக்கவில்லை.

அந்தப் பச்சைத் தூள் கன்னத்தில் விழுந்ததும் முகத்துக்கு உயிர் வந்தது. கண்களை நன்றாகத் திறந்தபடி, உதடுகளை மூடியபடி, பிரசாந்தினி தன்னை உலைக்குள் வைத்தாள்.

உலை சூடேறியபோது அறையில் ஒரு மணம் பரவியது. மயிர் கருகுகிற மணம்.

"தூளை ஒட்டின பசை எரியுது" என்றாள் நிஸா. சொல்லிவிட்டு யன்னலைத் திறந்துவிட்டாள்.

திங்கட்கிழமை உலை ஆறிப்போயிருந்தது. கதவைத் திறந்த நிஸா, "அல்லாஹ்! வெடிக்கல்ல!" என்று கத்தினாள். ஒரு நூல் கீறல்கூட இல்லை. இரண்டு சாதிக் கண்ணாடியும் பாலும் தண்ணியும் மாதிரிக் கலந்திருந்தன. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

பிரசாந்தினி கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.

முகம் அவளுடையதுதான். யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் மூக்கு தட்டையாகியிருந்தது. உதடுகள் பிதுங்கி, ஒரு பக்கம் இழுபட்டு, உள்ளே பல் தெரிந்தது. ஒரு கன்னம் மற்றதைவிட அகலமாக நசுங்கியிருந்தது. பஸ் யன்னலில் முகத்தை வைத்து அழுத்துகிற குழந்தைகளின் முகம் வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியுமோ, அப்படி. யாரோ அவளுடைய முகத்தைக் கண்ணாடியின் அந்தப் பக்கமிருந்து அழுத்திப் பிடித்திருப்பதுபோல.

"நான் உதட்டை மூடித்தானே வச்சனான்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உருகக்குள்ள கொஞ்சம் ஓடும் தங்கச்சி. முதல் வேலைக்கு இது அற்புதம்."

அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சசிகரன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு. ஆனா நீ ஏன் இதில பயந்துபோய் நிக்கிறாய்?" என்று கேட்டான். கேட்டபடியே ஆணி அடித்து, அலங்கார அறையின் பெரிய நிலைக்கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டான்.

அந்தக் கிழமையே சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு கலியாணப் பெண் வந்தாள். சிவரூபி என்று பெயர், மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கூட வந்தவள் அவளுடைய தாய் பத்மாசனி. முகூர்த்தம் மதியத்துக்குக் கிட்ட என்பதால் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சிரித்த முகமாக வந்து கதிரையில் உட்கார்ந்தாள் சிவரூபி. முகப்பூச்சு முடிந்தது. பட்டுச்சேலை உடுத்தாயிற்று. கொண்டை போட்டு, பூச் சுற்றுவதுதான் மிச்சம். பத்மாசனி மகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாயில் கொண்டை ஊசிகளைக் கடித்துக்கொண்டு பிரசாந்தினி நிமிர்ந்தாள். நிலைக்கண்ணாடியில் சிவரூபியின் முகம் தெரிந்தது. அதற்கு மேலே அவளுடைய முகம். அவளுக்குப் பின்னால், எதிர்ச்சுவரில், கண்ணாடியில் சுட்ட முகம்.

அந்த முகத்தில் இப்போது மூக்கு தட்டையாக இல்லை.

உதடுகள் மூடியிருந்தன. பல் தெரியவில்லை. அவள் செய்த மாதிரியே, அச்சாக, அமைதியாக இருந்தது.

அழுத்திப் பிடித்திருந்தது எதுவோ, அதை விட்டுவிட்டது.

பிரசாந்தினியின் வலது கை குளிர்ந்தது. கையுறை மாட்டுவதுபோல யாரோ அவளுடைய கைக்குள் கையை நுழைத்தார்கள். ஒவ்வொரு விரலாக. சாவகாசமாக.

கை எழும்பி சிவரூபியின் கொண்டையைப் பற்றியது.

"ஆ... அக்கா, நோகுது" என்றாள் சிவரூபி.

விடு, என்று பிரசாந்தினி தன் கைக்குச் சொன்னாள்.

கை பெண்ணின் தலையைப் பின்னால் இழுத்து, முழுப் பலத்தோடு நிலைக்கண்ணாடியில் அறைந்தது.

கண்ணாடி வெடித்து விழுந்தது. பத்மாசனி வீரிட்டாள். கை திரும்பவும் இழுத்தது, திரும்பவும் அறைந்தது. இப்போது இடது கையும் சேர்ந்துகொண்டது. சிவரூபியின் நெற்றி பிளந்து, இரத்தம் முகப்பூச்சின்மேல் வழிந்து, தாய் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த பட்டில் சொட்டியது. பாய்ந்து வந்து தோளைப் பிடித்த பத்மாசனியை ஒரு முழங்கை நெஞ்சில் இடித்துச் சுவரோடு எறிந்தது. பிரசாந்தினி ஊசிகளைத் துப்பிவிட்டு, "ஓடுங்கோ! பிள்ளையக் கொண்டு ஓடுங்கோ! நானில்ல! இது நானில்ல!" என்று கதறிக்கொண்டேயிருந்தாள். கதறும் வாய் அவளுடையது. அறையும் கை அவளுடையதில்லை.

சட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரு துண்டுக் கண்ணாடியில் அவள் அதைப் பார்த்தாள். சிவரூபியின் தலையைப் பிடித்திருந்த விரல்கள் தடித்து, நகம் உடைந்து, முட்டிகளில் மயிரடர்ந்திருந்தன.

அந்தத் துண்டும் விழுந்து நொறுங்கியது. கை விட்டது.

பொலிஸ் வந்தது. கேள்விகள் வந்தன. மனநோய் டொக்டர் வந்தார். அவள் கையை மடிக்குள் அமுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சசிகரன் தெரிந்த ஆளைப் பிடித்து, பிணையெடுத்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வந்ததும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்:

"ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்தனான். முகமெல்லாம் தையல். காலில விழப் போனன். அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? 'அண்ணா, அக்காவ ஒண்டும் செய்யாதேங்கோ. என்ர தலையைப் பிடிச்சது ஆம்பிளக் கை' எண்டாள்."

பிரசாந்தினி அப்போதுதான் அழுதாள்.

அன்றைக்கே இரண்டு பேரும் அந்தக் கண்ணாடி முகத்தைப் பெட்சீற்றில் சுற்றி எடுத்துக்கொண்டு உவர்மலைக்குப் போனார்கள். நிஸா நடந்ததையெல்லாம் கேட்டாள். பிறகு எழும்பிப் போய், பல காலமாக அங்கேயே இருக்கும் அடுத்த வீட்டு மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். யோகராசா, துறைமுகத்தில் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். வாளிக்குள் கிடந்த பச்சைக் கண்ணாடியைக் கண்டதும் அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இதைத் தாட்டது நான்தான்" என்றார். "ஏன் தோண்டினீங்கள்?"

அவர் சொன்னது சின்னக் கதை. அப்போது அவருக்குக் கலியாணமாகவில்லை. இந்த வீட்டில் துறைமுகக் கந்தோரில் வேலை செய்த ஒருவன் மனிசியோடு குடியிருந்தான். சண்டை சச்சரவு இல்லாத சோடி. ஒரு மத்தியானம் அலறல் கேட்டு, யோகராசா வேலியால் பாய்ந்து ஓடிவந்தார். அவன் மனிசியின் தலையைப் பிடித்து, இந்தா இந்த யன்னலில், அறைந்துகொண்டிருந்தான். கண்ணாடி உடைந்து முடிந்த பிறகும் அறைந்துகொண்டிருந்தான்.

"நான் அவனைப் பிடிச்சு இழுக்க, அவன் என்னைப் பார்த்து அழுறான் பிள்ளை. 'என்ர கையை வெட்டு யோகு, என்ர கையை வெட்டு' எண்டு அழுறான். அழுதுகொண்டே அடிக்கிறான்."

"அவள்?" என்று சசிகரன் கேட்டான்.

"முகமே இல்ல தம்பி."

"அவனுக்கு என்ன நடந்தது?"

"பிணையில வந்தவன். வந்த அண்டைக்கே சீனக்குடாப் பக்கம் தண்டவாளத்தில ரெண்டு கையையும் நீட்டி வச்சுக்கொண்டு படுத்திட்டான். ரெயில் போனாப் பிறகும் உயிர் இருந்தது. சிரிச்சவனாம். எல்லாரும் விசர் எண்டுதான் சொன்னவை." அவர் வாளியைப் பார்க்காமல் பேசினார். "அவனுக்கு முந்தி இந்த யன்னலுக்குள்ள ஆர் இருந்தது எண்டு எனக்குத் தெரியாது. கேக்காதேங்கோ."

அவர் ஒரு மிடறு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. எழும்பிப் போய்விட்டார்.

"உடைச்சா துண்டு துண்டா ஊரெல்லாம் போகும்" என்றாள் நிஸா. "திருப்பி உருக்குவம். முழுச் சூட்டில வச்சா மூஞ்சியே இல்லாமக் குழம்பாயிரும். உருவம் இல்லாட்டி அதுக்கு நிக்க இடமில்ல."

வெளியே மழை பிடித்தது. பட்டப்பகல், ஆனால் பட்டறை அறை சாம்பல் நிறமாகிப் போயிற்று. அந்த யன்னலுக்கு இப்போது பலகைக் கதவுதான். காற்றில் அது விட்டுவிட்டு அடித்துக்கொண்டது. நிஸா முகத்தை உலைக்குள் வைத்துச் சூட்டை ஏற்றினாள். சசிகரன் பிரசாந்தினியின் இரண்டு கைகளையும் அவளுடைய முதுகுக்குப் பின்னால் படகுக் கயிற்றால் கட்டினான். அவளே கேட்டுக்கொண்டது அது.

உலை சிவந்தது. மயிர் கருகும் மணம் வந்தது.

பிறகு தட்டும் சத்தம்.

மூவரும் யன்னல் பலகையைப் பார்த்தார்கள். அது அசையாமல் இருந்தது.

சத்தம் உலைக்குள்ளிருந்து வந்தது.

டொக். டொக். அவசரமில்லாத தட்டல். நெற்றியால் தட்டுவதுபோல.

"திறக்காதேங்கோ அக்கா" என்று பிரசாந்தினி கிசுகிசுத்தாள்.

"உருகிச்சா எண்டு பாக்கணும் புள்ள." நிஸா தடித்த கையுறைகளை மாட்டி, முகத்துக்கு மறைப்பைப் போட்டுக்கொண்டு, கதவை ஒரு பிளவளவு திறந்தாள். செம்மஞ்சள் வெளிச்சம் அவள்மேல் பாய்ந்தது.

"மயிரெல்லாம் உருகிட்டு. அடித்தகடும் உருகிட்டு" என்றாள். அவளுடைய குரல் தேய்ந்தது. "மூஞ்சி மட்டும் அப்பிடியே... தங்கச்சி, அது உங்களத்தான் பாக்குது."

பிரசாந்தினிக்குப் பின்னால் கயிறு இறுகியது. நார் நாராகத் தெறித்தது. அவளுடைய மணிக்கட்டுத் தோலையும் உரித்துக்கொண்டு கைகள் வெளியே வந்தன.

"சசி! என்னைப் பிடியுங்கோ!"

அவன் அவளுடைய இடுப்பை வளைத்துப் பிடித்தான். கைகள் அவனைத் தேடவில்லை. அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவை முன்னே போயின. நிஸாவின் பிடரியைப் பற்றின. உலைக் கதவு முழுதாகத் திறந்துகொண்டது. கைகள் அவளை அந்த வாய்க்குள் தள்ளின.

நிஸா இரண்டு கையையும் உலையின் விளிம்பில் ஊன்றி எதிர்த்தாள். கையுறை புகைந்தது. முகமறைப்பு வளைந்து, உருகி, கன்னத்தோடு ஒட்டியது. அவள் போட்ட கூச்சல் மழையையும் தாண்டிக் கேட்டிருக்கும். சசிகரன் பிரசாந்தினியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். ஒரு விரல் அவனுடைய கைக்குள் முறிந்தது. முறிந்த விரலும் பிடியை விடவில்லை.

கைதான் அவளுடையதில்லை. கால் அவளுடையது.

பிரசாந்தினி தரையை உதைத்து, முழு உடம்பையும் பக்கவாட்டில் எறிந்தாள். நிஸாவின் தோளை இடித்துத் தள்ளிவிட்டு, பிடரியைப் பிடித்திருந்த அந்தக் கைகளை, முழங்கைவரை, சிவந்து கனன்ற உலையின் விளிம்பில் கொண்டுபோய் வைத்தாள். வைத்து, நெஞ்சால் அழுத்திக்கொண்டு நின்றாள்.

ஒரு அலறல் கேட்டது. ஆணின் அலறல்.

பிரசாந்தினி வாயைத் திறக்கவில்லை.

விரல்கள் விரிந்தன. நிஸா கழன்று விழுந்தாள். சசிகரன் மனைவியை வாரி எடுத்துக்கொண்டு பின்னால் விழ, காற்று யன்னல் பலகையைப் பிய்த்தெறிந்தது. மழைக் குளிர் உலையின் வாய்க்குள் அடித்தது. உள்ளேயிருந்த முகம் குண்டுபோல வெடித்தது. சுவரெல்லாம் கண்ணாடி பாய்ந்தது. சசிகரனின் முதுகில் பாய்ந்த துண்டுகளை ஆஸ்பத்திரியில் பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள்.

நடக்க முடிந்ததும் அவன் முதலில் செய்த வேலை, அந்த அறையைப் பெருக்கியதுதான். ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் கூட்டி, முதுகில் எடுத்த துண்டுகளையும் கேட்டு வாங்கி, வாளியிலிருந்த பச்சைக் கண்ணாடியோடு போட்டு, மேலே சீமெந்து ஊற்றினான். இறுகியதும் இழுவைப்படகில் ஏற்றிக்கொண்டு போய், துறைமுக வாயில் ஆழம் கண்டுபிடிக்க ஏலாத இடத்தில் தள்ளிவிட்டான். தள்ளிய இடத்தில் வெகுநேரம் நின்று பார்த்தானாம். ஒரு குமிழிகூட வரவில்லை என்று சொன்னான்.

காலம் போயிற்று. சிவரூபி வழக்கு வேண்டாமென்றுவிட்டாள், அவளுக்குக் கலியாணமும் நடந்தது. பிறை மாதிரி ஒரு தழும்போடு மணவறையில் இருந்தாள். பிரசாந்தினி அழைப்பு வந்தும் போகவில்லை. வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையையும் கழற்றிவிட்டாள். அவளுடைய கைகள் முழங்கைவரை மெழுகுபோல வழவழத்து, விரல்கள் பாதிதான் மடங்கின. ஆனால் அவை அவளுடைய கைகள். சோறு பிசைந்தன, சசிகரனின் முதுகுக்கு மருந்து பூசின, வேறு எதுவும் செய்யவில்லை. காலையில் கண் விழித்ததும் விரல்களை மெல்ல அசைத்துப் பார்ப்பாள். சொல் கேட்டன. அது போதும் அவளுக்கு.

நிஸா மூதூருக்கே திரும்பிப் போயிருந்தாள். கன்னத்தில் இரண்டாவது சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் பிரசாந்தினி பழங்களும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். அதெல்லாம் நடந்த பிறகு முதல்முறையாகத் தனியே வெளிக்கிடுகிறாள். நல்ல வெயில். பஸ்ஸில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. போனில் நிஸாவின் குரல் பழையபடி உரத்து வந்தது. "எங்க வாறீங்க புள்ள? கெதியா வாங்க, சோறு ஆறுது!"

"கிண்ணியாப் பாலம் தாண்டிட்டன் அக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு சிரிக்கிறாள்.

அவளுக்கு முன் இருக்கையில், யன்னலோரமாக, ஒரு இளம்பெண் நீலமுக்காடு போட்டுக்கொண்டு நித்திரையாகியிருந்தாள். மடியில் புத்தகப் பை. பஸ் குலுங்கக் குலுங்க அவளுடைய தலை யன்னல் கண்ணாடியில் மெதுவாக முட்டிக்கொண்டு வந்தது. பாவம், களைத்துப்போனாள் போல என்று நினைத்தாள் பிரசாந்தினி.

ஒரு சந்தியில் பஸ் நின்றது. சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்ணிப் போத்தல் வாங்க இறங்கிப் போனார். பாட்டும் நின்றது.

டொக்.

பெண்ணின் தலை கண்ணாடியில் முட்டியது.

பஸ் அசையவில்லை.

பிரசாந்தினி குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் மடியில், பழப்பையின்மேல், மெழுகுபோலச் சும்மா கிடந்தன. விரல்களை அசைத்தாள். அசைந்தன.

நிமிர்ந்து பார்த்தாள்.

முன்னால் இருந்தவளின் பின்தலையில் நீலத்துணி கசங்கி, ஐந்து மடிப்பாகக் குவிந்திருந்தது. அதைப் பிடித்திருப்பது யார் என்று தெரியவில்லை. அங்கே யாருமில்லை. தலை கண்ணாடியைவிட்டு மெல்ல விலகியது.

டொக்.

பெண் நித்திரையிலேயே முகத்தைச் சுளித்தாள்.

மடிப்புகள் இன்னும் இறுகின. தலை திரும்பவும் பின்னால் வந்தது. இந்த முறை வெகுதூரம் பின்னால் வந்தது.